ஆட்டுத் தோலுக்கு நான் கொடுத்த பட்டம்

ஒரு முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டுவிட்டுத் தொடங்குகிறேன். பெயருக்குப் பின்னால் எத்தனை எழுத்து, எத்தனை புள்ளி இருக்கிறதோ அத்தனை மரியாதை என்று இருபத்து மூன்று வயதுவரை நான் நம்பினேன். மனிதருக்கு மட்டுமில்லை, சரக்குக்கும்.

சிரிக்காதீர்கள். நான் வேலூரில் வளர்ந்தவன். அம்மா நர்ஸ். பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாவின் டியூட்டி முடியும்வரை ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து டாக்டர்களின் பெயர்ப் பலகைகளைப் படிப்பதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. பெயருக்குப் பின்னால் நாலே நாலு எழுத்து இருந்தால் அந்தக் கதவுக்கு முன்னால் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். பத்து எழுத்து, நடுவில் ஒரு அடைப்புக்குறி, அதற்குள் ஒரு வெளிநாட்டு ஊர் என்றால், சித்தூரிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வந்தவர்கள் வராண்டா முனைவரை வரிசையாக நிற்பார்கள். அந்த எழுத்துகளுக்கு என்ன அர்த்தம் என்று வரிசையில் நின்ற யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. நீளம் கண்ணுக்குத் தெரிந்தது. அது போதுமாக இருந்தது.

இந்த ஞானத்தோடுதான் எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கிய சமயத்தில் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் கடிதக் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். காட்பாடியில் ரயில் ஏறி, ஆம்பூரில் இறங்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்து, ஒரு மாதத்தில் மூக்கு தானாகவே ராஜினாமா செய்துவிட, பிறகு சுகமாக இருந்தது. ஏற்றுமதிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்களெல்லாம் இப்போது குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, நாலு வார்த்தையில் மூன்றைச் சுருக்கி ஈமெயில் அனுப்புகிறீர்கள். உங்களைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமை வருவதில்லை; பயம்தான் வருகிறது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு யாரும் பயிற்சி கொடுக்கமாட்டார்கள். “பழைய ஃபைலப் பாத்து எழுது” என்பார்கள். அதுதான் காலேஜ், அதுதான் பட்டம். பழைய ஃபைல்களைப் பார்த்தால் ஒரே எழுத்துக்கூட்டம். எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப்., எல்.சி., இன்னும் என்னென்னவோ. சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி ஒவ்வொன்றையும் அதில் பிடித்துப் போட்டேன். பட்டாம்பூச்சி பிடிக்கிறவன் மாதிரி. பிடித்த பூச்சியைக் கண்ட இடத்தில் குத்தி வைப்பதுதான் அடுத்த கட்டம்.

முதலில் மாட்டியது ‘ஈ. அண்ட் ஓ.ஈ.’. பில்களின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். எங்காவது தவறோ விடுதலோ இருந்தால் பிறகு திருத்திக்கொள்வோம், அதற்கு எங்களைப் பிடிக்காதீர்கள் என்று அர்த்தம். எனக்கு அது கடிதத்தை அழகாக முடித்து வைக்கும் ஒரு பூவேலை மாதிரித் தெரிந்தது. சென்னையில் ஒரு வாடிக்கையாளரின் தகப்பனார் காலமாகிவிட்டார். அனுதாபக் கடிதம் எழுதச் சொன்னார்கள். உருக்கமாக எழுதினேன். எழுதி, கீழே, ‘ஈ. அண்ட் ஓ.ஈ.’ என்று முடித்தேன்.

டைப் அடித்தவர் எஸ்தர் அக்கா. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். ஆபீசில் ஒரே டைப்ரைட்டர், ஒரே டெலிபோன், இரண்டுக்கும் அவர்தான் ராணி. காகிதத்தை உருளையிலிருந்து உருவி என் மேஜைமேல் போட்டார்.

“இன்னா சாமு இது?”

“அனுதாபக் கடிதம்க்கா.”

“அவங்கப்பா செத்ததுல ஏதாவது தப்பு இருந்தா நாங்க பொறுப்பில்லன்னு எழுதியிருக்க. எழுந்து வந்துட்டார்னா திருத்தி அனுப்புவியா?”

ஆபீசே சிரித்தது. நானும் சிரித்தேன். அத்தோடு திருந்தியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நான் கற்ற பாடம் என்னவென்றால், அனுதாபக் கடிதத்தில் போடக்கூடாது என்பது மட்டும்தான்.

இனி டி.ஆர். கதைக்கு வருகிறேன்.

எங்கள் முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்போம். அவருக்கு ஜெர்மனியில் ஒரு பார்ட்டி இருந்தார். ஆட்டுத் தோல் வாங்குகிறவர். ஏழெட்டு வருஷப் பழக்கம். அவரிடம் ஒரு விசேஷம்: எங்கள் சரக்கை அவர் அவிழ்த்துப் பார்த்ததே இல்லை. வந்தால் டீ குடிப்பார், கட்டுகளை எண்ணுவார், கயிறு போட்டது போட்டபடி கப்பலுக்குப் போய்விடும். இந்தத் தொழிலில் கயிற்றை அவிழ்க்காமல் ஒருவன் வாங்குகிறான் என்றால் அதைவிடப் பெரிய சர்டிபிகேட் கிடையாது. மேல்விஷாரத்திலிருந்து வாணியம்பாடிவரை அந்தப் பெருமையைச் சொல்லிக்கொள்ள எத்தனை பேரால் முடியும்?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஹாஜியார் பதனிடாத பச்சைத் தோல் வாங்க கல்கத்தாவுக்குப் புறப்பட்டார். கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார்.

“கோடௌன்ல கறுப்பு ஆடு நாப்பது கட்டு இருக்குது தம்பி. ஜெர்மன்காரருக்கு ஆஃபர் அனுப்பிடு. விலை எழுதியிருக்கேன். மத்த வெவரம் கரீம்கிட்ட கேட்டுக்கோ.”

கரீம் பாய் என்பவர் தரம் பிரிக்கும் மேஸ்திரி. ஜன்னலோரம் ஒரு நீள மேஜை. அதில் தோலை விரித்து, கையால் ஒரு தடவு, கண்ணால் ஒரு பார்வை, “ஒண்ணு”, “மூணு”, “அஞ்சு” என்று சொல்லிக்கொண்டே தள்ளுவார். ஒன்று என்றால் உயர்ந்த தரம், ஐந்து என்றால் கடைசி. அவர் சொன்னால் சொன்னதுதான்.

அவரிடம் நான் கேட்டேனா? கேட்கவில்லை. காரணம் கேட்டால் வெட்கக்கேடு. டெலக்ஸ் மெஷின் எங்களுக்குச் சென்னை பெரியமேட்டில் இருந்த கிளை ஆபீசில்தான். தினமும் காலை பத்து மணிக்கு அங்கிருந்து டெலிபோன் வரும். எஸ்தர் அக்கா வாசகத்தை எழுத்து எழுத்தாகப் படிப்பார், அவர்கள் அடித்து அனுப்புவார்கள். மணி ஒன்பது ஐம்பது. கரீம் பாய் கொல்லைப் பக்கம் லாரியில் ஏறி நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவு தூரம் நடப்பானேன்?

பழைய ஃபைலை எடுத்தேன். அதே பார்ட்டிக்குப் போன ஒரு டெலக்ஸ். இத்தனை கட்டு, கறுப்பு ஆடு, டி.ஆர்., இந்த விலை. என் சீட்டில் கட்டு இருந்தது, ஆடு இருந்தது, விலை இருந்தது. நடுவில் மட்டும் ஓர் ஓட்டை. ஓட்டையைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். டி.ஆர். என்பது என் நோட்டுப் புத்தகத்தில் ஏற்கெனவே இருந்தது. என்றோ ஒரு நாள் கரீம் பாயிடம் கேட்டு, ‘டேனரி ரன்’ என்று விரிவும் எழுதி வைத்திருந்தேன். எங்கள் டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், ஓடி வந்த தோல்தானே, இதில் பொய் என்ன இருக்கிறது? போட்டேன். போட்டதோடு அடியில் இரண்டு கோடும் இழுத்தேன், டாக்டர் பட்டம் மாதிரி எடுப்பாகத் தெரியட்டும் என்று.

டெலிபோனில் படிக்கப்போகும் முன் எஸ்தர் அக்கா பென்சிலை அந்த இடத்தில் வைத்தார்.

“ஹாஜியார் குடுத்த சீட்டுல இது இல்லயே.”

“அது ஒரு மரியாதைக்குக்கா.”

“ஆட்டுக்கா?”

“சரக்குக்கு.”

“எழுதுனது நீ. நான் வாசிக்கறவதான்” என்று சொல்லிவிட்டு வாசித்தார்.

வழக்கமாக அந்த ஜெர்மன்காரர் இழுப்பார். விலை ஜாஸ்தி என்பார், நாங்கள் கம்மி பண்ண முடியாது என்போம், அவர் யோசிக்கிறேன் என்பார். ஒரு வாரம் ஓடும். இந்த முறை மறுநாளே பதில். ஒரே சொல்: சம்மதம். கூடவே இன்னொரு வரி. அவரே இந்தியா வந்திருக்கிறார், சனிக்கிழமை காலை ஆம்பூர் வந்து சரக்கைப் பார்க்கிறார்.

எனக்குத் தரையில் கால் பாவவில்லை. புதன்கிழமை முழுவதும் ஆபீசில் நான் நடந்த நடையைப் பார்த்துப் பக்கத்து டேனரி குமாஸ்தா, “இன்னா தோஸ்த், கம்பெனியை வாங்கிட்டியா?” என்று கேட்டான். இல்லை என்று நான் உடனே மறுக்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் சாப்பிட்ட பிறகு, கரீம் பாய்க்கும் என் திறமை தெரியட்டும் என்று டெலக்ஸ் நகலை எடுத்துக்கொண்டு அவர் மேஜைக்குப் போனேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். படித்தார். மறுபடியும் படித்தார்.

“டி.ஆர்.ன்னு யார் எழுதினது?”

“நான்தான் பாய்” என்றேன், தாராளமாக.

“நாப்பது கட்டுலயா?”

“ஆமா.”

“அதுலேர்ந்து ஒண்ணையும் ரெண்டையும் போன வாரம்தான பொறுக்கி எடுத்து மெட்ராஸ் ஷூ பாக்டரிக்கு அனுப்சோம்? இருக்கறதெல்லாம் மூணு, நாலு, அஞ்சு. டி.ஆர்.னா இன்னான்னு நெனச்ச நீ?”

“டேனரி ரன்.”

“அது அதோட பேரு. அர்த்தம் இன்னா?”

அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“டேனரிலேர்ந்து வந்தது வந்தபடி. நல்லது இருக்கும், கெட்டது இருக்கும், நடுவுல யாரும் கை வெக்கல. அதான் டி.ஆர். நீ இன்னா பண்ணியிருக்க தெரியுமா? பிரியாணி அண்டாலேர்ந்து கறியப் பூரா பொறுக்கி ஒரு பந்திக்குப் போட்டுட்டு, அடுத்த பந்தில போய், இப்பதான் பாய் தம் ஒடச்சோம், அப்படியே கொண்டாறோம்னு சொல்லியிருக்க. அதுவும் குஸ்கா விலைக்கு. பின்ன அவன் ஒரே நாள்ல சரின்னு சொல்லாம?”

நாற்காலி இல்லாததால் ஒரு தோல் கட்டின் மேல் உட்கார்ந்தேன். அந்த நாற்பதில் ஒன்று.

“இன்னும் கேளு” என்றார். “டி.ஆர். சரக்குக்குப் பேக்கிங் சீட்டுல என் கையெழுத்து போவுது. கை வெக்கலன்னு நான் சாட்சி சொல்றேன். இதுவரைக்கும் ஒரு சீட்டுலயும் நான் பொய் சொன்னதில்ல. அதனாலதான் அவன் கயிறு அவுக்காம வாங்கறான். இப்ப சொல்லு, சனிக்கிழம நான் எங்க கையெழுத்து போடட்டும்? உன் நெத்தியிலயா?”

இளைய தோழர்களே, இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். ஒரு சுருக்கெழுத்தின் விரிவு தெரிந்துவிட்டால் அதைத் தெரிந்துகொண்டதாக நினைக்கிறோம். விரிவு என்பது ஆளின் இனிஷியல் என்னவென்று தெரிந்துகொள்வது மாதிரி. அந்த ஆள் என்ன செய்வான், யாரைக் கடிப்பான் என்பது அதில் இருக்காது. இப்போதெல்லாம் புதிதாக ஏதாவது எழுத்துக்கூட்டம் எதிர்ப்பட்டால் நான் கேட்பது ஒன்றுதான்: இதை எழுதிவிட்டால் அதன் பிறகு நான் எதைச் செய்யக்கூடாது? டி.ஆர். என்று எழுதிவிட்டால் கை வைக்கக்கூடாது. அந்தக் ‘கூடாது’ தெரியாதவரை அதை உங்கள் வாக்கியத்துக்குள் விடாதீர்கள்.

சரி, பதற்றத்துக்கு வருவோம். பதற்றத்தில் நான் நிபுணன்.

வியாழக்கிழமை மதியம் இரண்டரை. வெள்ளிக்கிழமை டேனரிகளுக்கு வார விடுமுறை. எங்கள் சென்னை ஆபீசுக்கும்தான். ஹாஜியார் கல்கத்தாவில் எந்த ஓட்டலில் இறங்கியிருந்தார் என்று யாருக்கும் தெரியாது. ஆக, மாலை ஆறு மணிக்குள் பெரியமேட்டைப் பிடித்து, ஜெர்மன்காரரிடம் திருத்தம் சொல்லச் சொல்லவேண்டும். டிரங்க் கால் புக் செய்தேன். எக்ஸ்சேஞ்சில் ஒரு பெண் குரல், லைன் பிஸி, காத்திருங்கள் என்றது. அர்ஜன்ட்டாக மாற்றினேன். அர்ஜன்ட்டாகக் காத்திருங்கள் என்றது.

ஜன்னலுக்குப் போனேன். டெலிபோனுக்கு வந்தேன். தண்ணீர் குடித்தேன். பாத்ரூம் போனேன், உள்ளே இருக்கும்போது மணி அடித்துவிடுமோ என்று போன வேலை முடியாமலே வந்தேன். டி.ஆர்.க்கு வேறு ஏதாவது கௌரவமான விரிவு கண்டுபிடிக்கலாமா என்று உட்கார்ந்து முயன்றேன். கிடைத்தவை எதுவும் சபையில் சொல்லும்படி இல்லை.

“உக்காரு சாமு” என்றார் எஸ்தர் அக்கா. “உன்னப் பாத்தா பிரசவ வார்டு வெளில நிக்கறவன் மாதிரியே இருக்குது.”

அப்போதுதான் எனக்கு அந்த அற்புதமான யோசனை வந்தது.

“அக்கா, டைப்பிங் மிஸ்டேக்னு சொல்லிட்டா?”

அக்கா டிராயரைத் திறந்தார். குண்டூசி குத்திய காகிதங்களில் ஒன்றை உருவி என் முன்னால் வைத்தார். என் கையெழுத்து. டி.ஆர். அடியில் இரண்டு கோடு.

“ஒரு கோடு போட்டிருந்தாக்கூட யோசிச்சிருப்பேன். ரெண்டு போட்டிருக்க” என்றார். “இன்னொரு தடவ என் பேர இழுத்தன்னா இத ஃபிரேம் போட்டு ஹாஜியார் ரூம்ல மாட்டுவேன்.”

மன்னிப்புக் கேட்டேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: பதறும்போது தோன்றும் முதல் திட்டத்தில் எப்போதும் வேறொருவர் தலை உருளும். என் அனுபவத்தில் விதிவிலக்கே இல்லை.

ஐந்தே முக்காலுக்கு மணி அடித்தது. பெரியமேட்டுக் குமாஸ்தா கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் பேசினார்.

“ஜெர்மன்காரரா? அவர் நேத்தே பெங்களூர் போய்ட்டாரே. அங்கேர்ந்து கார்ல நேரா உங்க ஊருக்குதான்.”

“எந்த ஓட்டல்?” என்று கத்தினேன்.

“தெரியல சார். இன்னா விஷயம்? நாளைக்கு லீவு, சனிக்கிழம பேசிக்கலாமா?”

சனிக்கிழமை! லைன் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அம்மா, “வயிறு சரியில்லயாடா?” என்று கேட்டு மாத்திரையை எடுத்துவிட்டார். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டுமே என்று அதையும் விழுங்கினேன். பத்து மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். பஸ்ஸில் இடம் இருந்தும் பாதி வழி நின்றுகொண்டே போனேன். உட்கார்ந்தால் பஸ் மெதுவாகப் போவதுபோல் இருந்தது.

ஆம்பூர் பள்ளிவாசலில் தொழுகை முடிந்து கூட்டம் வெளியே வந்தது. வெள்ளைச் சட்டையில் கரீம் பாய் மாம்பழ வண்டி அருகே நின்று பேரம் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

“லீவு நாள்லயும் உன் பேஜாரா?”

“பாய், ஒரு வழி இருக்குது.”

“சொல்லு.”

ராத்திரியெல்லாம் புரண்டு கண்டுபிடித்த திட்டத்தைச் சொன்னேன். புதிய லாட்டில் நல்ல தோல் இருக்கிறது. ஒவ்வொரு கட்டிலும் மேலே நாலு, கீழே நாலு, ஒன்றாம் நம்பர் தோல் வைத்துவிட்டால், அவர் அவிழ்த்தாலும் மேலோடு பார்த்துவிட்டு விட்டுவிடுவார்.

கரீம் பாய் ஒரு மாம்பழத்தை முகர்ந்து பார்த்துக் கீழே வைத்தார். வேறொன்றை எடுத்தார்.

“பண்ணலாம். காலைல சீக்கிரம் வந்தா ஒரு மணி நேர வேலை.”

எனக்கு உயிர் வந்தது. “நெசமாவா பாய்?”

“ஆமா. சீட்டுல நீ கையெழுத்து போடு.”

“நான் போட்டா செல்லுமா?”

“செல்லாது. என்னது செல்லும். ஏன் செல்லுதுன்னு யோசி.” வண்டிக்காரரிடம், “ஏன்ப்பா, மேல வெச்சிருக்கற பழத்தையே அடிலயும் போடுவியா?” என்று கேட்டார். வண்டிக்காரர் சத்தியம் செய்தார். கரீம் பாய் அவர் எடை போட்டு வைத்திருந்த பையில் கையை விட்டு அடியிலிருந்து ஒன்றை எடுத்து, அழுகலைக் காட்டி, அவரிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இதப் பாரு சாமு. அவன் கயிறு அவுக்கறதுக்கு முன்னாடி சொன்னா, ஒரு பைத்தியக்காரன் தப்பா எழுதிட்டான். அவுத்த பின்னாடி சொன்னா, இந்தக் கம்பெனி திருட்டுக் கம்பெனி. ஹாஜியார் ஊர்ல இல்ல. சொல்ல வேண்டியவன் எழுதினவன்தான்.”

“சொன்னா என் வேலை போய்டும் பாய்.”

“போவலாம்.”

“அவ்ளோதானா?”

“இன்னா, இங்க ரோட்ல நின்னு அழணுமா? வீட்டுக்குப் போ. இந்தா” என்று ஒரு மாம்பழத்தைக் கையில் கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது அதைப் பிசைந்து பிசைந்து, வேலூர் வருவதற்குள் என் மடியிலேயே அது கூழாகிவிட்டது.

சனிக்கிழமை காலை பத்தரைக்கு கார் வந்தது. ஜெர்மன்காரர் நல்ல உயரம், கதவில் குனிந்து நுழைந்தார். முந்தின இரவு முழுவதும் யோசித்து நான் ஒரு முடிவு எடுத்திருந்தேன்: வந்தவுடன் சொல்லிவிடுவது. வந்தவுடன், “டீ சாப்பிடுங்கள் சார்” என்றேன். குடித்தார். சொல்லியிருக்கவேண்டும். பிஸ்கட் கொடுத்தேன். பிறகு, புதிதாகக் கட்டிய கிணற்றைப் பாருங்கள் என்று அழைத்துப் போனேன். கிணற்றில் பார்க்க என்ன இருக்கிறது? தண்ணீர் இருந்தது. அவரும் மரியாதையாக எட்டிப் பார்த்தார். திரும்பி வந்ததும் இரண்டாவது டீ. எஸ்தர் அக்கா டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். வழியில் ரோடு எப்படி, பெங்களூரில் மழை உண்டா, ஜெர்மனியில் ஆடு உண்டா என்றெல்லாம் கேட்டேன். மூன்றாவது டீ வந்தது.

அவர் அந்த டம்ளரைத் தொடவில்லை.

“மிஸ்டர் சாமுவேல், நான் இந்த நாட்டுக்குப் பல தடவை வந்திருக்கிறேன். இரண்டு டீ என்றால் உபசாரம். மூன்று டீ என்றால் ஏதோ சரியில்லை. தோலைப் பார்க்கலாமா?” என்று இங்கிலீஷில் கேட்டுவிட்டு எழுந்தார்.

கோடௌன் போகும் வழி நாற்பது அடிகூட இருக்காது. அதை நடந்து முடிப்பதற்குள் நான் இரண்டு தடவை வாயைத் திறந்து இரண்டு தடவையும் வெயிலைப் பற்றிப் பேசினேன்.

ஜன்னல் வெளிச்சத்தில் கரீம் பாய் நின்றிருந்தார். முன்னால் நாற்பது கட்டும் அடுக்கியிருந்தன. மேஜைமேல் பேக்கிங் சீட்டு. கையெழுத்து போடும் இடம் காலி. பேனா அவர் சட்டைப்பையில் மூடியோடு இருந்தது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. ஜெர்மன்காரர் அந்தக் காலி இடத்தைப் பார்த்தார், கரீம் பாயைப் பார்த்தார். பிறகு, நான் கேள்விப்பட்டவரை எங்கள் கம்பெனியில் அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார். முதல் கட்டின் கயிற்றில் கையை வைத்தார்.

“சார்!”

என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. அவர் கையை எடுக்காமல் திரும்பினார்.

“இந்த லாட் டி.ஆர். இல்லை சார். ஒன்று, இரண்டாம் தரத்தை நாங்கள் ஏற்கெனவே எடுத்துவிட்டோம். இதில் இருப்பது மூன்று, நான்கு, ஐந்து. டெலக்ஸில் டி.ஆர். என்று எழுதியது நான். முதலாளிக்குத் தெரியாது. மேஸ்திரியைக் கேட்கவும் இல்லை.”

அந்த எழுத்துகளை என் வாழ்க்கையில் முதன்முதலாகச் சரியாகப் பயன்படுத்திய வாக்கியம் அதுதான். ‘இல்லை’ என்று முடிந்த வாக்கியம்.

“ஏன் எழுதினீர்கள்?” என்றார்.

இரண்டு நாளாக எத்தனையோ பதில்கள் தயார் செய்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறொன்று.

“பார்க்க நன்றாக இருந்தது சார்.”

அவர் சிரிக்கவில்லை. கரீம் பாய்தான் இருமுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜெர்மன்காரர் கயிற்றை அவிழ்த்தார். ஒவ்வொரு தோலாகத் திருப்பினார். ஒரு கட்டு முழுவதும் பார்த்தார். பிறகு இன்னும் இரண்டு கட்டு. மூன்றும் முடிந்ததும் கையைத் தட்டிக்கொண்டு, “மூன்று, நான்கு, ஐந்து. சரி” என்றார். தன் டைரியில் எதையோ எழுதினார். பிறகு கரீம் பாயிடம், கப்பலுக்குத் தயாராக இருந்த தன்னுடைய வேறொரு பழைய ஆர்டரைக் காட்டி, அதையும் அவிழ்க்கச் சொன்னார். கரீம் பாய் கத்தியை எடுத்தார். மதியம் மூன்று மணிவரை அவிழ்த்துக் காட்டினார். எல்லாம் சரியாகவே இருந்தது. ஜெர்மன்காரர் கை கொடுத்துவிட்டுச் சென்னைக்குப் புறப்பட்டார்.

நாற்பது கட்டுக்கான ஒப்பந்தம் ரத்தானது. அடுத்த வாரம் ஹாஜியார் திரும்பி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் என்னைத் திட்டினார். வேலை போகவில்லை; ஒரு வருஷம் டெலக்ஸ் எழுத விடவில்லை, கரீம் பாயின் மேஜையில் தோல் திருப்பிப் போட வைத்தார். அந்த நாற்பது கட்டும் மழைக்காலம் முடிந்து ஆக்ராவில் ஒரு செருப்புக் கம்பெனிக்கு, மூன்று, நான்கு, ஐந்து என்று எழுதியே போயின. ஜெர்மன்காரர் அதற்குப் பிறகும் எங்களிடம் பல வருஷம் வாங்கினார். ஆனால் ஒரு கட்டைக்கூட அவிழ்க்காமல் வாங்கியதில்லை.